கறுப்பியின் பின்சில்லும் ஓட்டைக் காசும்

என் மச்சான் அல்போன்ஸ்,

நீ இருக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிள் உண்டோ தெரியாது. இருந்தால் நிச்சயம் யாரையாவது பின்சீட்டில் ஏற்றியிருப்பாய். முதலில் அந்த ஆளுக்காக ஒரு பிரார்த்தனை. இந்தக் கடிதத்தை வெள்ளவத்தையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயது என்று நினைக்காதே. பயம்தான்.

உன் மகள் ஷெரினுக்கு இந்தச் சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை டெறன்ஸ் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. நீ இருந்திருந்தால் பெண் பார்க்க வந்த அன்றே பகிடி பண்ணி அவனைப் பாதியாக்கியிருப்பாய். இதுவரை எல்லாம் சந்தோசமான செய்திதான். ஆனால் அவள் உன் மகள் அல்லவா? மட்டக்குளி வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக் கோயில் வரைக்கும் உன்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் கறுப்பியில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தானே ஓட்டுவாளாம். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டில் இறங்கிச் சேலை உடுத்துவாளாம். கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் இல்லை என்பதால் மாமன் பின்சீட்டில் வர வேண்டுமாம்.

அந்த மாமன் நான்தான்.

உனக்குத் தெரியாததா மச்சான்? மின்விசிறி கழன்று விழுந்துவிடும் என்று நேர் கீழே படுக்காதவன் நான். உன் பின்னால் இருந்த காலமெல்லாம் உன் பெல்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டவன். காலி வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்தால் நான் கத்துகிற சத்தத்தில் அந்த பஸ்காரனே திரும்பிப் பார்ப்பான் என்று சொல்லிச் சிரிப்பாய். இப்போது துறைமுகப் பக்கம் நீ பார்த்த றோட்டு இல்லை. கண்டெய்னர் லொறிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. அதற்குள்ளேதான் எங்கள் பிள்ளை கறுப்பியை ஓட்டப்போகிறாள்.

அதுகூடப் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். டெறன்ஸ் கறுப்பியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, பெயின்ற் அடித்து, திரும்பப் பூட்டி வைத்திருந்தான். சும்மா சொல்லக்கூடாது, புதுப்பெண் மாதிரித்தான் நின்றாள். ஷெரின் ஓட்ட, நான் ஏறி இருந்தேன். நேர் றோட்டில் ஒன்றும் இல்லை. முதல் வளைவில் சரிந்தபோது எனக்குக் கீழே பின்சில்லு ஒருதரம் விலகி, திரும்ப வந்து நின்றது. அடுத்த வளைவிலும் அப்படியே.  நிற்பாட்டு, நிற்பாட்டு என்று கத்தினேன்.

"என்ன மாமா? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்றாள் ஷெரின்.

டெறன்ஸ் தனியே ஏறி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. உன் மனிசி றீற்றா வாசலில் நின்று, "பாலா அண்ணாவுக்குச் சில்லு ஆடேல்ல, நெஞ்சுதான் ஆடுது" என்றாள். தெருவே சிரித்தது. பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவன் உண்மையாகவே புலியைக் கண்டாலும் யார் நம்புவார்கள்? ஆனால் முன்னால் இருக்கிறவருக்குத் தெரியாதது பின்சீட்டில் இருக்கிறவனுக்குத் தெரியும். இத்தனை காலம் அந்த அச்சுக்கு மேலேதானே நான் குந்தியிருந்தேன்!

டெறன்ஸ் பொறுமையான பிள்ளை என்று சொன்னேன் அல்லவா? என்னைச் சமாதானப்படுத்தவென்றே ஒவ்வொன்றாகப் பார்த்தான். டயருக்குக் காற்று சரி. செயின் இறுக்கம் சரி. சில்லுக் கம்பிகளை ஸ்பானரால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான், ஒன்றும் தளரவில்லை. திங்கட்கிழமை கிராண்ட்பாஸில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் பைக்கைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லைச் சுழற்றிவிட்டார். அது நூல் பிடித்தாற்போல நேராகச் சுற்றியது. பெயரிங்கும் புதிது. அச்சின் நட்டில் ஸ்பானர் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. "பய வெண்ட எபா, மாத்தயா" என்று என் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். பயப்பட வேண்டாமாம். அந்த மனிதர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ அன்று இரவு சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மட்டக்குளிக்குப் போனேன். கறுப்பி வேண்டாம், கார் பிடித்துத் தருகிறேன் என்று ஷெரினின் காலில் விழுவதாகத்தான் யோசனை. நான் போய் இறங்க, றீற்றா கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாள். செவ்வாயில் அந்தோனியாரிடம் போகாமல் அவள் இருந்ததில்லையே. கையில் ஒரு வெள்ளைக் கைலேஞ்சி, அதன் மூலையில் ஒரு முடிச்சு.

"அது என்ன தங்கச்சி?"

"அவர் நேர்ந்து வைச்ச காசு அண்ணா. டெறன்ஸ் சில்லைக் கழட்டேக்க உள்ளுக்குள்ள இருந்து விழுந்ததாம். கழுவி எங்கட அந்தோனியார் படத்துக்கு முன்னால வைச்சு மெழுகுதிரி கொளுத்தினனான். நேர்த்தியைக் குடுக்காமப் போனா ஆத்துமா எப்பிடி இளைப்பாறும்? இண்டைக்கு உண்டியலில போட்டுட்டு வாறன்."

ஒரு ஆபத்து வந்தால் காசை முடிந்து நேர்ந்துகொள்வதும், ஆபத்து நீங்கினால் கொண்டுபோய்ப் போடுவதும் உங்கள் வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம். அவள் நினைத்ததில் பிழை இல்லை. அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். பழைய ஒரு ரூபாய்க் குற்றி, நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி அரத்தால் அராவிய கீறல்கள்.

அந்தக் காசு எனக்குத் தெரியும், மச்சான். நான் வாசற்படியிலேயே இருந்துவிட்டேன்.

சிலாபம் ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் கட்டாத காலம். புத்தளத்தில் இருந்து திரும்பி வரும்போது பின்சில்லு ஆடத்தொடங்கியது. றோட்டோரக் கராஜில் கழற்றிப் பார்த்தால், அச்சில் நட்டுக்கு உள்ளே இருந்த தடித்த வாஷர் வெடித்துப் பாதி காணாமல் போயிருந்தது. அந்த அளவில் வேறொன்று அங்கே இல்லை. நான் வேலியோரம் நின்று, உயிரோடு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் முன்னேஸ்வரக் கோயில் உண்டியலில் போடுகிறேன் என்று ஒரு ரூபாயைக் கைக்குள் பொத்தி வேண்டிக்கொண்டு நின்றேன். நீ வந்து என் விரல்களைப் பிரித்தாய்.

"சாமிக்குப் பிறகு குடுப்பம். இப்ப சில்லுக்குக் குடு" என்றாய்.

கராஜ்காரன் துளைத்து அராவித் தந்தான். வேறு வாஷர் கிடைத்ததும் மாற்றுவாய் என்றுதான் நான் நினைத்தேன். நீ எங்கே மாற்றினாய்? அந்தக் காசின் மேலேயே பிள்ளை பெற்று, வளர்த்து, வயதாகி, போயும் விட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

டெறன்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், அவன் தொலைபேசியில் அந்த மொடலின் படத்தைத் தேடி எடுத்து, படத்தில் உள்ளபடியே ஒவ்வொரு சாமானாகப் பூட்டியிருக்கிறான்; நட்டுக்கு உள்ளே இருக்கிற வாஷர் அந்தப் படத்தில் தெரியவில்லை. "படத்தில காசு ஒண்டும் இல்லையே மாமா" என்றான். இருக்குமா? ரூபாய்க் குற்றியைப் போட்டு மோட்டார் சைக்கிள் செய்த கொம்பனி உலகத்தில் எது?

றீற்றா லேஞ்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "நேர்ந்த காசைத் திரும்ப எடுத்துச் சில்லுக்குள்ள போடுறதோ? பாவம் அண்ணா. நீங்க பயத்தில கதை கட்டுறீங்களோ தெரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது. உண்டியலுக்குள் விழுந்தால் போனதுதான்; அந்தப் பழைய அளவில் ஒரு வாஷரைச் சனிக்கிழமைக்கு முன் எங்கே தேடுவது? சனிக்கிழமை அந்தப் பிள்ளை லொறிகளுக்கு நடுவில் ஒரு வளைவில் சரிவாள். நான் கறுப்பியில் ஏறி என் முழுப் பாரத்தையும் வைத்து இருந்தேன். டெறன்ஸைக் கீழே குந்தி இருந்து பின்சில்லைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னேன். ஒருதரம் தள்ளினான், ஒன்றும் இல்லை. காலை ஊன்றி மறுபடி தள்ளினான்.

டக்.

அந்தச் சின்னச் சத்தத்தை றீற்றா வாசலில் நின்றே கேட்டாள்.  டெறன்ஸே ஸ்பானரைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தான். காசு இல்லாத இடைவெளியில் நட்டு அச்சின் திருகுப் புரியின் கடைசி வரை ஓடி அங்கே இறுகி நின்றுவிட்டது. கையில் பிடித்தால் கல் மாதிரி இறுக்கம்தான். ஆனால் அச்சு சில்லை நெருக்கிப் பிடிக்கவே இல்லை. தனி ஆள் ஓடினால் தெரியாது. பின்னால் பாரம் ஏறிச் சரிந்தால்தான் விலகும்.

றீற்றா லேஞ்சியை விரித்தாள். காசை முத்தமிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, மருமகனின் கிறீஸ் கையில் வைத்தாள். அவன் அதை அச்சில் கோத்து இறுக்கினான். நட்டு இந்தமுறை புரி முடிய முன்னரே நின்றது. நான் ஏறி இருக்க, அவன் தள்ளினான். பிறகு றீற்றாவும் சேர்ந்து தள்ளினாள். சத்தம் இல்லை. நேற்று ஷெரினோடு அதே வளைவுகளில் போய் வந்தேன். சில்லு உன் காலத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

இனிப் பயம் போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. சில்லைச் சரிபண்ணலாம், லொறிக்காரனின் நித்திரையை நான் எப்படிச் சரிபண்ணுவது? திடீரென்று மழை பெய்தால்? ஒரு நாய் குறுக்கே வந்தால்? நீ ஒருநாள் சுகமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், உன் செருப்பை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை மச்சான். நேற்று இறங்கிய கையோடு ஷெரினிடம் சொல்லிவிட்டேன்.

"பிள்ளை, நான் பின்னால இருந்தா கத்துவன். உன்ர நல்ல நாளைக் கெடுத்துப்போடுவன். வேற ஆரையும் ஏத்து."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். உன் பார்வைதான்.

"மாமா, அப்பா எனக்கு பைக் பழக்கேக்க என்ன சொன்னவர் தெரியுமா? 'தனிய ஓடினா என்ர கை சும்மா முறுக்கும். பாலா பின்னால இருந்தாத்தான் நான் மெதுவா ஓடுவன், அவன் கத்தினா குறைப்பன், அதாலதான் இவ்வளவு காலமும் வீட்டுக்கு வந்து சேர்ந்தனான்' எண்டு சொன்னவர். எனக்கும் அப்பான்ர கைதான். நீங்க பயப்பட வேணும் மாமா. அதுக்குத்தான் கூப்பிடுறன்."

இதையும் நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் உரத்துக் கத்தியிருப்பேனே.

ஆகவே மச்சான், இது என் வாக்கு. சனிக்கிழமை காலையில் பின்சீட்டில் ஏறுவேன். கண்ணை மூடமாட்டேன். மட்டக்குளியில் இருந்து கோயில் வாசல் வரை, என்னால் முடிந்த அளவு நன்றாகப் பயப்படுவேன். ஒவ்வொரு லொறிக்கும் கத்துவேன். கலியாணம் முடிந்த கையோடு முன்னேஸ்வரத்துக்குப் போய், வேறொரு ரூபாயைப் போட்டு என் பழைய நேர்த்தியைத் தீர்ப்பேன். அந்த ஓட்டைக் காசு அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

உன் பெல்டைப் பிடித்திருந்த கையால்,
ஷெரினின் மாமன்,
பாலன்