அம்மாவுக்குப் புரியாத மொழி

இன்று காலை அம்பத்தூர் தாண்டிய ரயிலில், எதிர் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஜெர்மன் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். மடியில் விரிந்திருந்தது நம் காலத்துப் புத்தகத்தின் நகல்தான். ஜெராக்ஸ் தாளின் அந்த வாடை வந்ததும் உன்னை நினைத்துக்கொண்டேன்.

நாமும் அப்படித்தான், எழுத்து கூட்டுவதிலிருந்து தொடங்கி, எம்.ஏ. ஜெர்மன் படித்தோம். நான் ஆவடியில் ஏறுவேன். நீ அம்பத்தூரில் ஏறுவாய். கள்ளிக்குப்பத்திலிருந்து உன் அப்பா ஆட்டோவில் கொண்டுவந்து விடுவார். ஜெர்மனில் 'சிறுமி' என்ற சொல் அஃறிணை என்று ஆசிரியை சொன்ன அன்று, வழியெல்லாம் பொருமினாய். "கரண்டி ஆம்பள, முள்கரண்டி பொம்பள, பொண்ணு மட்டும் அஃறிணையா? இன்னா பாஷைடி இது?"

ஆனாலும் உன்னளவுக்கு அந்த மொழியை வகுப்பில் யாரும் நேசிக்கவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா எந்த ஸ்கூலுன்னு தெரிஞ்சிடுது. தமிழ்ல பேசினா எந்தத் தெருன்னு தெரிஞ்சிடுது. ஜெர்மன்ல எல்லாருமே ஒண்ணாங்கிளாஸ்தான்" என்றாய்.

பண்பாட்டு வகுப்பில் சொந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னபோது, நீ மழைத் தண்ணீர் புகுந்த உங்கள் வீட்டைப் பற்றிப் பேசினாய். அரிசிப் பானை மிதந்ததைச் சொன்னபோது இலக்கணம் தப்பியது. ஆசிரியை திருத்தவில்லை.

இரண்டாம் ஆண்டில் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் அம்மா கட்டிலை விட்டு நகரவே இல்லை. நான் வந்தால் நாம் ஜெர்மனில் பேசுவோம். பாடம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஒருநாள் அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நீ முகத்தில் சிரிப்பு மாறாமல், பாடம் ஒப்பிக்கும் குரலிலேயே சொன்னாய்: "இஷ் ஹாபே ஆங்ஸ்ட்." எனக்குப் பயமாக இருக்கிறது.

"இன்னாம்மா சொன்னே?" என்றார் அம்மா.

"பரீட்சை எப்போன்னு கேட்டேம்மா."

அதன்பின் உன் பயமெல்லாம் அந்த மொழியில்தான் வந்தது. ஆறுதல் சொல்லப் போதுமான ஜெர்மன் என்னிடம் இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்ற முதல் பாடத்து வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நீ போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "என்னாண்ட சொல்லாததெல்லாம் அந்த பாஷையில உங்கிட்ட சொல்லிச்சு, இல்ல?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. "பயமா இருக்குன்னு சொன்னாம்மா."

அவர் மெல்லத் தலையாட்டினார். "தெரியும்மா. பாஷைதான் புரியல, எம் பொண்ணு கொரலு புரியாதா? எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அது இன்னும் பயந்துக்கும். அதான் ஒண்ணும் கேக்காம பழத்தை உரிச்சிகினு இருந்தேன்."

காபி ஆறிப்போயிருந்தது.

இப்போது வேலப்பன்சாவடியில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு மொழி சொல்லித்தருகிறேன். பயம் என்ற சொல் புத்தகத்தில் மிகவும் பின்னால்தான் வருகிறது. நான் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். ஒரு நோயாளி அதைச் சொன்னால் பதில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள் என்கிறேன். ஏன் மேடம் என்று யாராவது கேட்டால், உன் பெயரைச் சொல்கிறேன்.