ஆடும் நாற்காலிக்குக் கீழே எழுதிய பெயர்

மக்கா,

இன்று காலை பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கப் போயிருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். ஏசி குளிரும் பழைய கார்ப்பெட்டின் வாடையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. ரத்தம் எடுக்கும் பெண் கையை நீட்டச் சொன்னது என் காதில் விழவில்லை. நான் நெய்யாற்றின்கரையில், நீ பாடம் எடுத்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் முறை அவள் சத்தமாகக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாம் இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நீ திருவனந்தபுரம் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாய். நான் தங்கப்பன் அண்ணனின் பட்டறையில் மரவேலைக்குச் சேர்ந்தேன். அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கதவு, ஜன்னல், கட்டில் என்று ஊர் வேலை முழுக்க அவருக்குத்தான் வரும். வேலை முடிந்த பிறகு மிஞ்சிய துண்டுகளில் நான் எனக்காகச் சிலது செய்வேன். அயினி மரப் பலகையில் ஒரு முக்காலி, பலா மரத்தில் ஒரு நகைப்பெட்டி, கரண்டிகள், ஒரு சீப்பு. அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நீ சொன்னாய், "எலே, உனக்கு நான் ஒரு வெப்சைட் செய்து தாறேன். உலகமே பாக்கும் கேட்டியா."

வெப்சைட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கடை மாதிரி, ஆனால் கதவு கிடையாது என்றாய். அது போதுமாக இருந்தது.

படம் பிடிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கேமராவும், உன் அம்மா உடுத்தும் வெள்ளை முண்டும் கொண்டுவந்தாய். முண்டைப் பட்டறைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு, என் சாமான்களை ஒவ்வொன்றாக அதன் முன்னால் வைத்தோம். தங்கப்பன் அண்ணன் ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூலையில் அவர் செய்து முடித்த ஆடும் நாற்காலி நின்றது. பாதத்தில் வளைத்த இரண்டு தேக்குச் சட்டங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். நீ விரலால் அதை லேசாகத் தள்ளிவிட்டாய். அது சத்தமே இல்லாமல் ஆடியது. நீ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே கேட்டாய், "இது ஆரு செய்தது?"

"நான்."

ஒரே சொல். யோசித்துச் சொன்னதில்லை. உன் கண்ணில் இருந்த அந்த வியப்பு என் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். நீ என் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மத்தியானம் உன் வகுப்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அந்த நேரத்தில் பஸ் பிடித்து சென்டருக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். ஸ்டுடியோவில் படங்களை ஸ்கேன் செய்து ஃபிளாப்பியில் கொண்டுவந்திருந்தாய். முதலில் பக்கத்தின் பின்னணி முழுவதும் மரத்தின் ரேகை போல ஒரு படத்தைப் பரப்பினாய். நான், "மரத்துக்க மேல மரத்த வச்சா எது தெரியும்?" என்றேன். நீ கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பின்னணியை வெள்ளையாக்கினாய். அம்மாவின் முண்டு மாதிரியே இருந்தது. "நீயும் டிசைனர் ஆக்கும்" என்றாய். தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் வரவில்லை என்பதால் இங்கிலீஷில்தான் எழுதினாய். எழுதியதை எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாய். நாற்காலியைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தாய். அதற்குக் கீழே என் பெயர். அதை நீ வாசித்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஒரு எண் இருந்தது. இரண்டு வாரத்தில் அது பதினேழு ஆனது. அதில் பதினான்கு முறை திறந்தது நாம்தான் என்று கணக்குப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு அந்த ஈமெயில் கடிதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, வகுப்பைக்கூட விட்டுவிட்டு, அச்சடித்த ஒரு தாளோடு பட்டறைக்குள் ஓடிவந்தாய். "மக்கா, கெடச்சாச்சு! மஸ்கட்டிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருக்காவ. சொந்த ஊரு காட்டாக்கடையாக்கும். ஊர் நினைப்புல நெய்யாற்றின்கரைன்னு தேடியிருக்காவ, நம்ம பக்கம் வந்திருக்கு. அப்பாவுக்கு இடுப்பு வலி உண்டாம். கிறிஸ்மஸுக்கு வரும்போ அந்த ஆடுற நாற்காலி வேணுமாம்!"

மரம் இழைக்கும் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்த தங்கப்பன் அண்ணன் கையை நிறுத்தினார். "எந்த நாற்காலி?"

நீ என்னைப் பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை, நீ அண்ணன் பக்கம் திரும்பினாய்.

"உங்க நாற்காலியாக்கும் அண்ணா. படம் போட்டேன், பேரு போட மறந்துட்டேன். எனக்க தப்பு."

அண்ணனுக்குச் சந்தோஷம். "மஸ்கட் வரைக்கும் போச்சா!" என்று இரண்டு முறை சொன்னார். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். நீ குடித்தாய். என் கிளாஸை நான் அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

பஸ் ஸ்டாப் வரை ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தோம். பஸ் வரும் சத்தம் கேட்ட பிறகுதான் கேட்டாய், "எதுக்குலே?"

நீ ஏறிப் போய்விட்டாய்.

நான் திரும்பி நடந்தேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயத்தைவிட, நாளை உன் பக்கத்தில் உட்கார முடியாது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பட்டறை வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, அவன் மறக்கல்ல. நான் செய்ததுன்னு சொன்னேன். அவன் நம்பினான்."

அவர் நிமிராமல் இரண்டு முறை இழைத்தார். சீவல் சுருண்டு விழுந்தது. "நல்லா இருந்துதா?"

"என்னது அண்ணா?"

"எனக்க வேலைய உனக்க வேலைன்னு சொன்னப்போ. நல்லா இருந்துதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இன்னொரு பொய் வேண்டாமென்று தோன்றியது. "கொஞ்ச நேரம் நல்லா இருந்துதுண்ணா."

அவர் இழைப்புளியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "சனியாழ்ச்ச என்னையும் அங்க கூட்டிட்டுப் போ. நானும் பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அதற்குள் நடந்ததை நான் உனக்கு போனில் சொல்லியிருந்தேன். நீ "ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஆனால் கண்ணாடிக் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் என் தோளில் மறுபடியும் அந்த அடி கொடுத்தாய். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பக்கத்தைத் திறந்தாய். அந்தக் கால நெட்டில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சாய்மானம், பிறகு கை. "போதுமா அண்ணா?" என்றாய். "இரு, காலு வரட்டும்" என்றார். வளைவு தெரிந்ததும் தலையை ஆட்டினார். "இந்தப் பக்கத்துல நின்னு எடுத்தா வளைவு எப்படித் தெரியும்? வேற எடுக்கணும்." நீ திட்டுவாய் என்று நினைத்தேன். மறுநாளே முண்டோடு வந்தாய்.

புதுப் படத்துக்குக் கீழே அவர் பெயரை எழுதினாய். பிறகு ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் செய்தவர் பெயர், எந்த மரம், என்ன குறை என்று எழுதத் தொடங்கினாய். "குறைய எதுக்கு எழுதுக?" என்று கேட்டேன். "வாங்குறவன் கண்டுபிடிக்குற முன்னே நாமளே சொன்னா சங்கடம் இல்ல மக்கா" என்றாய். என் முக்காலியின் கீழே, ஒரு காலில் கிளை விட்ட தடமாகச் சிறிய மரக்கண் உண்டு என்று எழுதினோம். மஸ்கட் நர்ஸுக்கும் நடந்ததை நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடித்தாய். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு அவர் வந்தார். நாற்காலியை அண்ணனிடம் வாங்கினார். அப்பா கால் நீட்டி வைக்க, மரக்கண் உள்ள அந்த முக்காலியை என்னிடம் வாங்கினார்.

அந்த வெப்சைட் இப்போது எங்கும் இல்லை. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனியே போய்விட்டது. நீ பெங்களூர் போனாய், கல்யாணம் செய்தாய், திரும்பி வந்தாய். நான் தனியாகப் பட்டறை வைத்தேன். தங்கப்பன் அண்ணன் இன்றும் வாரத்துக்கு ஒருநாள் வந்து என் வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார். எனக்கு நல்ல வாழ்க்கைதான் மக்கா. குறையென்றால், நீ இல்லாத இந்த இரண்டு வருஷம்தான்.

நீ இறந்த நாற்பத்தொன்றாம் நாள் சடங்குக்குக் காரக்கோணம் பக்கம் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லாரும் போன பிறகு உன் மனைவி சொன்னாள், "உங்களப் பத்தி அவிய அடிக்கடி சொல்லுவாவ அண்ணா. ஆரும் கேக்காமலே போய் உண்மையச் சொன்ன ஆளுன்னு."

நீ அவளிடம் சொன்னதில் பொய்யே இல்லை, ஆனால் அது பாதிக் கதை. என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. "முந்தி ஒண்ணு நடந்துது, அத அவன் சொல்லல்ல" என்று, படம் பிடித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு மெல்லச் சிரித்தாள்.

"முந்தி ஏதோ உண்டுன்னு எனக்குத் தெரியும் அண்ணா. அந்தப் பாகம் அவனுக்க கதை, அவன் சொல்லட்டும்னு சொல்லுவாவ."

அன்று முதல் அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களிடமும், கேட்காதவர்களிடமும்.