குதிரைக்கால் கட்டு

அருப்புக்கோட்டை
16-8-1966, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்குப் பொன்னுத்தாய் எழுதுவது. இங்கே குதிரை சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்டால் அதற்கு மட்டும் உங்களிடமிருந்து பதில் வருவதில்லை.

பந்தல்குடி ரோட்டில் லாரிக்கு மிரண்டு வண்டி கவிழ்ந்ததில் குதிரைக்கு முன்னங்கால் சுளுக்கு, உங்களுக்குச் சக்கரத்தடியில் கால். மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் போடுகிற கடிதம் பூராவும் குதிரைக்கால்தான். முட்டிக்குக் கீழே பஞ்சு வை, மேலிருந்து கீழே சுற்றி மறுபடி மேலே ஏற்று, முடிச்சைப் பின்நரம்பின் மேல் போடாதே, கட்டுக்குள் ஒரு விரல் நுழையவேண்டும், நல்ல காலுக்கும் சேர்த்துக் கட்டு, அதுதான் பாரம் தாங்குகிறது. எழுதுவது லேசு. லாயத்தில் குனிகிறவளுக்கல்லவா தெரியும்!

முதல் நாள் இறுக்கிவிட்டேன், கட்டுக்குக் கீழே புசுபுசுவென்று வீங்கிவிட்டது. மறுநாள் தளர்த்திக் கட்டினேன், அவிழ்ந்த பாவாடை மாதிரி குளம்பில் வந்து கிடந்தது. முடிச்சைப் பல்லால் அவிழ்க்கவும் பழகிக்கொண்டது உங்கள் செல்லம். கசக்கட்டும் என்று வேப்பெண்ணெய் தடவினேன். அதையும் நக்கிவிட்டு என்னைப் பார்த்தது. துணிக்கு உங்கள் திருவிழா வேட்டியைத்தான் கிழித்தேன். கோபம் வந்தால் வரட்டும்.

இதில் காலையும் மாலையும் நீயே அவிழ்த்துக் கட்டு, வேறு ஆள் கை பட்டால் உதைக்கும் என்று ஒரு கட்டளை வேறு. அதனால்தானே உங்களை ஒரு எட்டு வந்து பார்க்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

நேற்று உங்கள் தம்பி பால்சாமி அங்கிருந்து வந்தார். முகமே சரியில்லை. தண்ணீர் குடித்து முடித்த குதிரைக்கே மறுபடி மறுபடி தண்ணீர் வைத்துக்கொண்டு லாயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதட்டிக் கேட்டேன். உங்கள் கால் அழுக ஆரம்பித்துவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்கள் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாம். "ஒத்தக்காலோட எப்பிடிலே வண்டியில ஏறுவேன்? ஒன் மதினிகிட்ட மூச்சு விட்டுறாத" என்றீர்களாம்.

அப்படியா சேதி? என்னை மதுரைக்கு வரவிடாமல் லாயத்திலேயே நிறுத்தி வைக்கத்தான் இத்தனை கடிதமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அழுகைகூட வரவில்லை. பிறகு வந்தது.

குதிரைக்குக் கட்டுப் போடுவதைப் பால்சாமிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவர் கை பட்டும் அது உதைக்கவில்லை, பேசாமல்தான் நின்றது. இன்னும் இரண்டு நாள் என் கண்முன்னே கட்டிப் பழகட்டும், வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் கிடைத்துவிடும்.

கடிவாளம் பிடிக்கக் கை போதும். குதிரையைப் பூட்ட நான் இருக்கிறேன், உங்களைத் தூக்கி உட்காரவைக்கவும் நான் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் சவாரிக்கு நிற்கும்போது பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கடிதம் கண்ட அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காலை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் மாமா. மிச்சத்தை எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பொன்னுத்தாய்