ஒரு கையால் தூக்கும் பை

இன்று காலை கூரியரில் பைக் கால்களுக்கான ரப்பர் குளம்புகள் வந்திறங்கின. பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாடை ஷெட் முழுக்கப் பரவியது. உனக்கு அந்த வாடை ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெயில்ல கொண்டுபோய் வைங்கடி, தலை வலிக்குது" என்பாய். இன்று தைக்க வரும் பெண்கள் அவர்கள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நானே பெட்டியைத் தூக்கிப்போய் வெயிலில் வைத்தேன்.

சமயநல்லூரில் இந்த ஷெட்டை நாம் வாடகைக்கு எடுத்தபோது தைத்ததெல்லாம் பள்ளிக்கூடப் பைகள்தான். நீ துணி வெட்டுவாய், நான் மெஷினில் உட்காருவேன். பிறகு ஒரு நாள் பெங்களூர் ஏஜென்ட் மாதிரிக்கென்று ஒரு கோல்ஃப் பையைக் கொண்டுவந்து நடு ஷெட்டில் நிறுத்தினார். சாய்த்து அழுத்தினால் அதன் வயிற்றுப் பக்கத்திலிருந்து மெல்லிய இரண்டு கால்கள் விரிந்து, பை தானாக நின்றது. தூக்கினால் அந்தக் கால்கள் மடங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் சரியாக நடக்கவில்லை. ஒரு கால் மடங்கும். இன்னொன்று தொங்கிக்கொண்டு தொடையில் இடிக்கும். "இதைச் சரிபண்ணிக் கொடுத்தீங்கன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். அந்த ஆட்டத்தை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவர் போனதும், "ஒரு பந்தை அடிக்க எதுக்குடி இம்புட்டுக் குச்சி?" என்று கேட்டாய்.

அப்போதுதான் உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கவே கூடாது. தண்ணீரும் அளந்துதான். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஆஸ்பத்திரி போகாத நாட்களில் வீட்டில் படுத்திரு என்று எவ்வளவோ சொன்னேன். காளவாசலில் பஸ் மாறி வந்து நிற்பாய். "வீட்ல எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாகடி. இங்கனதான் யாரும் பாக்க மாட்டேங்குறீக."

நான் பையின் தொங்கும் காலை மடக்க ஒரு கொக்கி வைக்கலாம் என்றேன். தூக்கியதும் மற்றொரு கையால் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

"அப்ப ரெண்டு கை வேணும்ல?"

"எல்லாருக்கும் ரெண்டு கை இருக்குல்ல."

"எனக்கு இப்ப ஒண்ணுதானடி" என்றாய்.

கோபமாகச் சொல்லவில்லை. பையைப் பார்த்தபடியேதான் சொன்னாய். அதன் பிறகு கொக்கியைப் பற்றி நாம் பேசவில்லை.

அன்றிலிருந்து உன் வலது கைதான் நமக்கு அளவு. பையின் அடியிலிருந்து கால்களுக்குப் போகும் கம்பி துணிக்குள் உரசிச் சிக்குகிறது என்று கண்டுபிடித்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயை வெட்டி அதற்கு உறை போட்டேன். கால்நுனி மண்ணில் புதையாதிருக்க அகலமான ரப்பர் வைத்தோம். அதற்குக் குளம்பு என்று பேர் வைத்தவள் நீ. அப்போதும் கால் பிடிவாதம் பிடித்தது. திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்துவிட்டு நீதான் சொன்னாய், கோளாறு காலில் இல்லை, பிடியில் இருக்கிறது என்று. பிடி வாயோரம் இருப்பதால் அடிப்பாகம் கடைசிவரை தரையை விட்டுக் கிளம்பவில்லை. அடி கிளம்பினால்தான் கம்பி காலைக் கீழே இழுத்து மடக்கும். பிடியைப் பையின் நடுப்பக்கம் இறக்கச் சொன்னாய்.

இறக்கித் தைத்து, கோல்ஃப் குச்சிக்குப் பதிலாக மணல் அடைத்த பைப்புகளைப் போட்டு, ஒரு சாயங்காலம் பின்னாலிருந்த வறண்ட கண்மாய்க்குக் கொண்டுபோனோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கிட்டத்தில் வந்தார்.

"என்னக்கா இது, பீரங்கியா?"

"காலு மொளைச்ச பைண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒதைச்சாலும் ஒதைச்சிரும்" என்றாய்.

வலது கையால் தூக்கினாய். இரண்டு கால்களும் ஒரே சத்தத்தில் மடங்கிக்கொண்டன. வைத்தாய், விரிந்தன. மறுபடி தூக்கிக்கொண்டு கரைவரை நடந்தாய். மூச்சு வாங்கியது. நான் ஓடிவந்து வாங்கப் பார்த்தேன். "விடுடி. நானே தூக்கிட்டேன்னா இனி எவளும் தூக்கிருவா" என்று சிரித்தாய். அப்படி நீ சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஏஜென்ட் சரி என்று சொல்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. மழையோடு உனக்கு நெஞ்சில் நீர் கோத்தது. தகவல் தெரிந்து உன் வீட்டுக்கு ஓடிவந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் உன்னைப் பள்ளிவாசலுக்குத் தோள்மாற்றித் தூக்கிப்போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்டத்தான் அவ நல்லா இருந்தாம்மா" என்றார்கள். சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஏஜென்ட், பிடி இருக்கும் இடத்தில் கம்பெனி முத்திரை வர வேண்டும், பிடியைப் பழையபடி மேலே ஏற்றிவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். ஆர்டர் போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். இரண்டு மெஷின்களை மூடி வைத்துவிட்டு மறுபடி பள்ளிக்கூடப் பை தைத்தோம். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயோ, கூட நின்றிருப்பாயோ, தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. பொங்கல் கழிந்து அவரே கூப்பிட்டார். முத்திரையைப் பையின் பாக்கெட் மேல் போட்டுக்கொள்கிறார்களாம்.

போன மாதம் கொடைக்கானலில் ஒருவர் நம் பையோடு ஆடிப் பார்க்கப்போகிறார் என்று என்னை வரச் சொன்னார்கள். முதல்முதலாக அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். பச்சைப் புல்லும் பனியும். பேச்சுக்குரல் அதிகமில்லை. ஆடியது எழுபதைத் தொட்ட ஓர் அம்மாள், மெலிந்த கை. அடித்துவிட்டு, பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் எடுத்துக்கொண்டு நடந்தார். "பாத்தியாடி" என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். அங்கே ஈரப் புல்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்து அவர் என்னிடம் வந்து, "ரொம்ப லேசா இருக்கும்மா. நீங்க தனியா பண்ணதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நாங்க பண்ணது."

"கூடப் பண்ணவங்க வரலையா?"

"வரல."

இப்போதும் அப்படித்தான் வாயில் வருகிறது. மதியம் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன், ஒருத்தியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். ஆனால் யார் என்ன கேட்டாலும் 'நாங்க' என்றுதான் பதில் சொல்கிறேன். 'நான்' என்று சொல்லிப் பழகிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.