தண்ணீர் இல்லாத ஒன்பது கூடைகள்

உன் சிவப்புத் தட்டு கிடைத்துவிட்டது.

போன வியாழக்கிழமை, இங்கே வளைகுடாவில், நம் கம்பெனியின் முசாஃபா யார்டில் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பிலிப்பினோ பெண் ஒருத்தி பேசினாள். பூங்காவில் புதர் வெட்டும்போது எறிந்து ஆடுகிற ஒரு தட்டு கிடைத்தது, அடியில் பெயரும் எண்ணும் எழுதியிருக்கிறது, அது நீங்கள்தானா என்று கேட்டுவிட்டுப் பெயரைப் படித்தாள். பெயர் உன்னுடையது. எண் என்னுடையது.  என் நண்பனுடைய தட்டு என்று சொன்னேன்.

மாலையில் போய் வாங்கிக்கொண்டேன். வெயிலில் கிடந்து மேல்பக்கம் பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அடிப்பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்ததால் மார்க்கர் எழுத்து அழியவில்லை. "உங்கள் நண்பர் இப்போதும் ஆடுகிறாரா?" என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். அதற்கு மேல் சொல்ல என் ஆங்கிலம் கைகொடுக்கவில்லை.

தட்டில் உன் பெயரை எழுதிவிட்டு எண்ணைக் கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறது. "என் நம்பர் எதுக்குலே? எப்பிடியும் தேடப் போறது நீதான்." நானும் சிரித்துக்கொண்டு என் எண்ணையே எழுதினேன். அப்போது அது எனக்கு வெறும் கேலி.

நாம் இருவரும் ஒரே வயது, ஒரே கம்பெனி. நீ வெல்டிங் இன்ஸ்பெக்டர், நான் டிராயிங் ஆபீஸ். ஒன்பது வருஷம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். நீ கோவில்பட்டிப் பேச்சை ஒரு எழுத்து மாற்றாமல் பேசுவாய், நான் திருச்சிக்காரன் கேலி செய்வேன். உனக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்ன வருஷம்தான், வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு தென்னாப்பிரிக்க இன்ஜினியர் ஒரு பை நிறையத் தட்டுகளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டிஸ்க் கோல்ஃப். பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. இங்கிருந்து தட்டை எறிய வேண்டும், தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழ வேண்டும். யார் குறைந்த எறிகளில் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. "சும்மா நடக்கதுக்கு இது தேவலை" என்று நீ ஒத்துக்கொண்டாய்.

ஆடுவதற்கான முதல் மைதானத்தை, அதாவது கோர்ஸை, தேர்ந்தெடுத்தவன் நான். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. போனில் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து, அதிக நட்சத்திரம் வாங்கியதையே எடுத்தேன். பதினெட்டுக் கூடைகள், நடுவில் ஒரு செயற்கைக் குளம், மேடு பள்ளம், பேரீச்ச மரங்கள். அவ்வளவு அழகான படங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை காலை உன் வண்டியில், நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொண்டு வந்தேன்.

நம் கைக்கு அது ஆகிற இடமே இல்லை. கூடை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாத தூரத்திலிருந்து எறிய வேண்டியிருந்தது. என் முதல் தட்டு குளத்தில். இரண்டாவது தட்டும் குளத்தில். நீ எறிந்தது மரத்தில் மோதித் திரும்பி நம் பின்னாலேயே வந்து விழுந்தது. பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க நமக்கு இன்னும் மோசமாகப் போனது.

ஆறாவது கூடைப் பக்கம் தட்டு எறியும் ஒரு பாதையை இன்னொரு பாதை குறுக்கே வெட்டும். அங்கே வலப்பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு மஞ்சள் தட்டு நம்மை நோக்கி வருவதை நான் வெகு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். நீயும் பார்த்திருப்பாய் என்று நினைத்துத் தலையை மட்டும் குனிந்தேன். நீ குனியவில்லை. அது உன் காதோரம் அடித்தது. நீ தடுமாறி ஓர் அடி பின்னால் வைத்தாய், அங்கிருந்த வடிகால் விளிம்பு தெரியாமல் கால் இடறி உட்கார்ந்துவிட்டாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிக்கு வந்தோம். நீ ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வண்டியை எடுக்காமல் இருந்தாய். காது சிவந்திருந்தது.

"வலிக்குதாடா?" என்றேன்.

"அது வரது எனக்குத் தெரியலலே."

"அதான் கத்துனானே."

"கத்துனது கேட்டுச்சு. எங்கிட்டிருந்துன்னு தெரியல." நேராக வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "நேரே பாத்தா எல்லாம் தெளிவா தெரியுது. பக்கத்துல ஒண்ணுமில்ல. ஒரு பைப்புக்குள்ள இருந்து பாக்க மாதிரி. போன லீவுல மதுரைல காட்டுனேன். கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே போகுமாம். மருந்து கிடையாதாம்."

வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டே என்று கேட்டேன். அட்டையில் இருக்கிற எழுத்தை நேராகப் பார்த்துத்தானே வாசிக்கச் சொல்கிறார்கள், அதை நீ கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடுகிறாயாம். உன் மனைவி சுமதிக்கு மட்டும்தான் தெரியும். மகள் யாழினி இங்கேயே பிளஸ் டூ போகிற வருஷம். அவள் முடிக்கும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தீர்கள்.

பொழுது சாய்ந்தால் எங்கே கூப்பிட்டாலும் நீ ஏன் வருவதில்லை, கல்யாண மண்டபங்களில் ஏன் சுமதியின் கையை விடாமல் நடக்கிறாய் என்பதெல்லாம் எனக்கு அந்த வண்டிக்குள்தான் புரிந்தது. கீழே இறங்கி உன் பக்கக் கதவைத் திறந்தேன். "இறங்கு. நான் ஓட்டுறேன்." நீ இறங்கி மறுபக்கம் வந்து உட்கார்ந்தாய்.

திரும்பும் வழியில்தான் சண்டை. ஆபீஸில் சொல்லிவிடு என்றேன். யார்டில் நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, தலைக்கு மேலே கிரேன் போகிறது, எது எந்தப் பக்கம் வருகிறதென்று உனக்குத் தெரியாது என்றேன்.

"சொன்னா விசாவ கேன்சல் பண்ணி டிக்கெட்ட கையில குடுத்துருவான். பிள்ளைக்கு ஊர்ல நடுவருசத்துல எங்க சீட்டு கிடைக்கும்? ஒனக்குச் சொல்லதுக்கு லேசா இருக்கு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு யாருடா இருக்கா?"

 அடுத்த இரண்டு வாரம் பஸ்ஸில் நீ முன்சீட்டில் உட்கார்ந்தாய். நான் உன் மேனேஜரின் அறை வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். சொன்னால் துரோகம், சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய துரோகம். யார்டில் எங்காவது ரிவர்ஸ் அலாரம் அடித்தால் டிராயிங்கை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன், நீ எங்கே நிற்கிறாய் என்று பார்க்க.

மூன்றாவது சனிக்கிழமை நீயே போன் செய்தாய். "நாளைக்குக் காலைல வா. நான் ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்." அந்த இடத்துக்கு நீ ஏற்கனவே தட்டு இல்லாமல், தனியாக, டாக்சியில் போய் முழுக்க நடந்து பார்த்திருந்தாய்.

குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா. ஒன்பதே கூடைகள். தண்ணீர் இல்லை. தரை மேஜை மாதிரி சமம். ஓரத்தில் மட்டும் காஃப் என்கிற பாலைவன மரங்களும் புதரும். ஒரு கூடையின் அடியில் நின்றால் அடுத்தது எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. நாம் எறிகிற எறிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று எறியில் போய்விடலாம். போனில் தேடினால் அதற்கு மூன்று நட்சத்திரம்கூட இல்லை, 'சுவாரசியமில்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நீ ஒவ்வொன்றாகக் காட்டினாய். "பாரு, எந்தப் பாதையும் எதையும் வெட்டல. பக்கத்துல இருந்து எவன் தட்டும் வராது. ரோடு அந்தாண்ட இருக்கு, சத்தம் கிடையாது. காலைல ஏழு மணிக்கு ஒரு ஆள் இல்ல. அஞ்சாங்கூடைகிட்ட பெஞ்சு இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. புதுசா ஆடுதவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

பிறகு என்னைக் கூடைக்கு அனுப்பினாய். "சங்கிலிய ஆட்டுலே. சத்தம் வார பக்கம் போடுதேன்."

நான் ஆட்டினேன். நீ தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாய், பிறகு நேராக என்னைப் பார்த்தாய், எறிந்தாய். ஐந்தாவது கூடையில்தான் தூரத்திலிருந்து எறிந்த ஒரு தட்டு முதல் தடவையாகச் சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். நாற்பத்தாறு வயது மனிதன் ஓடி வருகிற ஓட்டமா அது? பக்கத்து வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கை தட்டினார்.

மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னாய். "வியாழக்கிழமையே சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"மேனேஜர்கிட்டதான். எகிப்துக்கார மனுசன், ரொம்ப நேரம் மேஜையவே பாத்துக்கிட்டு இருந்தான். பொறவு 'கலாஸ், போதும், யார்டுக்குள்ள கால் வைக்கப்படாது, டாக்குமெண்ட் செக்‌ஷன்ல உக்காரு'ன்னான். அடுத்த வருசம் காண்ட்ராக்ட் முடியற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அவன் அம்மைக்கும் கண்ணு தெரியாதாம்லே" என்றாய். பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தால்தான் என் கண் கலங்கியது உனக்குத் தெரியும் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். போகும் வழியில் கஃபட்டீரியா வாசலில் ஹாரன் அடித்து இரண்டு கடக் டீ, நன்றாகக் காய்ச்சிய பால் டீ. ஒரு தரம் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. கை கொஞ்சம் தேறியிருந்தது, வேறு கோர்ஸுக்குப் போகலாம், இங்கேயே சுற்றினால் எப்படி நன்றாக ஆடுவது என்று கேட்டேன். நீ தட்டைத் துடைத்துக்கொண்டே, "நல்லா ஆடவா வந்தோம்? மறுபடி வரணும்னு தோணுதா இல்லியா, அதப் பாரு" என்றாய். அப்படியும் எனக்காக வேறு இரண்டு இடங்களுக்கு வந்தாய். அங்கெல்லாம் நான் ஆட, நீ கூடைப் பக்கம் நின்று கேலி செய்தாய்.

சிவப்புத் தட்டு தொலைந்தது ஒரு மணல் காற்று நாளில். நீ எறிந்தது காற்றில் ஏறி, ஓரத்துப் புதருக்குள் எங்கோ போய்விட்டது. அரை மணி நேரம் நான் முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடினேன். நீ வெளியே நின்று, "விடுலே, அதுக்கு இங்கயே விசா கிடைச்சிட்டு" என்றாய்.

யாழினி நல்ல மதிப்பெண் வாங்கினாள். காண்ட்ராக்ட் முடிந்து நீ கிளம்பினாய். விமான நிலையத்தில் அழாமல் சமாளித்துவிட்டோம். பிறகு வாரம் ஒரு போன். மாரடைப்பு என்று சுமதி பேசிய அன்றைக்கு நான் தூரத்தில் ருவைஸில், ஆலையை நிறுத்திவிட்டுச் செய்கிற ஒரு ஷட்டவுன் வேலையில் இருந்தேன். கோவில்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சுமதி என்னை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வேப்ப மரத்தில் பழைய சைக்கிள் செயின்களைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். அடியில் ஒரு பெரிய இரும்புச் சட்டி.

"காலைல பால அடுப்புல வச்சிட்டு வந்து நான்தான்ணே ஆட்டிக் குடுக்கணும்" என்றாள். "பால் பொங்குது, விடுங்கம்பேன். இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லுவாக. அங்க இருந்த மட்டும் இதெல்லாம் என்ன ஆட்டம்னு நான் கேட்டதுகூட இல்ல. கடைசி ஆறு மாசம் நான்தான் ஆட்டுனேன்." அவள் செயினைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. 

இங்கே திரும்பி வந்த பிறகு நான் தனியாகவே ஆடுகிறேன், அதே ஒன்பது கூடைகளில். எறியும் கை ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை. ஆனால் உன்னோடு நடந்து நடந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, அது போக மாட்டேன் என்கிறது. யாரோடு நடந்தாலும் அரை அடி முன்னால் போய்விடுகிறேன். வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது: படி இருக்கு, இந்தப் பக்கம் கம்பி, வலப்பக்கம் ஆள் வர்றாங்க. நேற்று லுலு சூப்பர் மார்க்கெட்டில் என் மனைவி நின்றுவிட்டாள். "எனக்குத்தான் நல்லா தெரியுதே, யாருக்குச் சொல்றீங்க?"

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாசலில் தரை கொஞ்சம் சரிகிறது. அதையும் சொன்னேன்.