பெட் மூன்றுக்கு ஒரு ஜோடி சாக்ஸ்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். ஐசியூவில் ஏ.சி. பேருக்குத்தான்.

பெட் 3: ஏழுமலை. மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பம். நேற்று கரையில் வலை இழுக்கும்போது இதயம் நின்றுவிட்டது. மச்சான்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்ததில் துடிப்பு திரும்பியது, நினைவு திரும்பவில்லை. டாக்டர் உத்தரவு: மூன்று நாள் காய்ச்சல் ஏறவே கூடாது, மூளை தாங்காது. கூலிங் மெஷின் ரிப்பேர். ஆபீஸில் கேட்டால், "சொல்லிருக்கோம் சிஸ்டர்." ஆக, ஐஸ் பேக், ஈரத் துண்டு, நான்.

மதியம் உடம்புச் சூடு 38.1 டிகிரி; 37.5-ஐத் தாண்டக் கூடாது. போய்ப் பார்த்தால் கழுத்துவரை கம்பளி! மனைவி செல்வியின் வேலை. மீன் விற்கிறவர்.

"கையி காலு சில்லுனு கீது சிஸ்டர். பொணத்தத் தொட்டா மாரி."

விளக்கினேன். இரண்டு முறை.

"ஐசு செத்த மீனுக்குப் போடுவோம். உசுரோட கீற மனுசனுக்கு இன்னாத்துக்கு?"

கம்பளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

காலை 37.4. அப்பாடா.

மறக்கக் கூடாதவை: மெஷின்காரருக்கு போன் (நாலாவது தடவை). ஐஸ் பேக். குடை.

பார்வை நேரம் முடிந்து பார்த்தால் ஏழுமலை காலில் சாக்ஸ். மகளின் பள்ளிக்கூட சாக்ஸ், குதிகால்கூட ஏறவில்லை. கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கழற்றி செல்வி கையில் திணித்தேன். பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மாலை ஏழுமலைக்கு நடுக்கம். தோள், தாடை எல்லாம். 37.8. டாக்டர் மயக்க மருந்தைக் கூட்டினார். "உடம்பு நடுங்கினா சூடு ஏறும். கை கால மட்டும் கதகதப்பா வைங்க. சாக்ஸ் இருக்கா?"

இருந்தது டாக்டர்.

வராந்தாவில் செல்வியிடம் போய்க் கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே எரிச்சல், என் மேல்தான்.

மே 15, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. மூன்று நாள் முடிந்த பிறகு! யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மயக்க மருந்தை நேற்றே நிறுத்தியாயிற்று. கண் திறக்கவில்லை. பெயர் சொல்லிப் பத்து தடவை கூப்பிட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இந்த நாலு நாள் பாடும் வீண்தானா?

செல்வி கால்மாட்டில் நின்றார். "யோவ், அது பொண்ணு சாக்ஸு. அடுத்த மாசம் ஸ்கூல் தொறக்குறாங்க. காலத் தூக்கு, கழட்டணும்."

இடது கால் அசைந்தது. சும்மா துடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

செல்வி அதிலிருந்து சாக்ஸைக் கழற்றினார். "அந்தக் காலு?"

ஏழுமலை வலது காலைத் தூக்கினார்.

பதினொரு மணி சூட்டைக் குறிக்கவே மறந்துவிட்டேன்.