ஆறு மணிக்கு முந்திரிக் கொல்லையில்

ஐப்பசி 4, திங்கள்
ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் முந்திரிக் கொல்லையில் சுள்ளி பொறுக்கப் போனேன். சருகுக்குள் சரசரப்பு. பாம்பு என்று பின்வாங்கினால், குருவி! இறக்கையில் நீலம். மீன்கொத்தியோ? குட்டையே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?
வாங்க வேண்டியது: சோப்பு, வெந்தயம், ஊக்கு.

ஐப்பசி 5, செவ்வாய்
மூட்டம். மாலை ஆறுக்கு இரட்டை விசில். ஒளிந்து நின்று பார்த்தேன். முதுகு பச்சை. வயிறு சந்தன நிறம். வாலடி குங்குமச் சிவப்பு. கண்ணில் கருப்புப் பட்டை. வால் பேருக்குத்தான். நடக்காமல் தத்துகிறது. இவ்வளவு அழகை என் கொல்லையில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.
பெரம்பலூரில் படிக்கும் மகள் கயலுக்குப் போன். தேடிப் பார்த்துச் சொன்னாள்: "ஆறுமணிக்குருவிம்மா. இமயமலை அடிவாரத்துலேர்ந்து வருது. கொஞ்ச நாள் எர தின்னுட்டு தெக்க போயிரும். சருக மட்டும் கலைச்சுராத."
நாளை மறுநாள் கொல்லை உழவுக்கு டிராக்டர் சொல்லியிருக்கிறது!

ஐப்பசி 6, புதன்
தூறல். வீட்டுக்காரரிடம் உழவைத் தள்ளிப்போடக் கேட்டேன்.
"மொத மழைக்கு வண்டி கெடைக்கிறதே பெருசு. மொறைய வுட்டா பத்து நாளாவும். ஈரம் போயிரும். குருவிக்காகவா?"
நியாயம்தான். மனசு கேட்கவில்லை.

ஐப்பசி 7, வியாழன்
அவர் ஜெயங்கொண்டம் போன நேரம் டிராக்டர் வந்தது.
"ஈரம் பத்தாது தம்பி. அடுத்த கொல்லைக்குப் போங்க."
டிரைவர் இறங்கிக் குதிகாலால் ஒரு அழுத்து. செருப்போடு சேறு வந்தது.
"இது பத்தாதாக்கா?"
நான் வானத்தைப் பார்த்தேன். போய்விட்டான்.
அவர் வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். இரண்டாம் சோற்றுக்கு ரசம்கூடக் கேட்கவில்லை.
ஆறுக்கு விசில். அப்பாடா.

ஐப்பசி 8, வெள்ளி
இரண்டு வேளையும் விசில். வீட்டில் அது ஒன்றுதான் வாய் திறக்கிறது.

ஐப்பசி 9, சனி
சுள்ளென்று வெயில். காலையில் சத்தமில்லை. மூன்று தரம் போய்ப் பார்த்தேன். கிளறிய சருகு காய்ந்து கிடக்கிறது. மண்ணும் வெளுக்கிறது. இரண்டு நாளுக்காக ஒரு உழவையே விட்டேனே என்று என் மேலேயே எரிச்சல். அழுகையும் வந்தது.
மாலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். ரொம்ப நேரம். பிறகு, திரும்பாமலே:
"ஆறே காலாச்சு. இன்னும் கத்தலயே?"